கத்தியில்லா அழகுச் சிகிச்சை: எது தேறும், எது தேறாது

2025 பிப்ரவரி 22 அன்று திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருந்த ஓர் அழகுச் சிகிச்சைக் கிளினிக்கில் ஒரு பெண் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டார். மறுநாளே வீடு திரும்பினார். பிறகு உடல்நிலை மோசமாகி, வேறொரு மருத்துவமனையில் பல நாள் வென்டிலேட்டரில் கிடந்து உயிர் பிழைத்தார். கையிலும் காலிலுமாக ஒன்பது விரல்கள் போய்விட்டன. மே மாதத்தில் விஷயம் வெளியே வந்தபின் சுகாதாரத் துறை அந்தக் கிளினிக்கின் பதிவை ரத்து செய்தது. குற்றம் யாருடையது என்பது சட்டம் தீர்க்க வேண்டியது. அதற்குள் இந்தக் கட்டுரை போகவில்லை.

அந்தச் செய்தியை ஒட்டி இரண்டு விதமான பேச்சு கிளம்பியது. ‘இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு இருக்காமல் இதெல்லாம் எதற்கு?’ என்றது ஒரு தரப்பு. ‘எங்கோ ஓரிடத்தில் நடந்த தவறு, மற்றபடி எல்லாம் பத்திரமான சிகிச்சைதான்’ என்றது இன்னொரு தரப்பு. இரண்டுமே யோசிக்கிற வேலையை மிச்சப்படுத்துகின்றன. முதலாவது, பருத்தழும்போடு வருகிறவரையும் மூக்கை நீட்டிக்கொள்ள வருகிறவரையும் ஒரே கணக்கில் எழுதுகிறது. இரண்டாவது, எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே நற்சான்று கொடுக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து எடைபோடுவதே நேர்மையான வழி.

எதையெல்லாம் எடைபோடப் போகிறோம்? திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற பகுதியிலிருந்து கழக்கூட்டம் வரை சாலையோரப் பலகைகளில் இருப்பவைதான்: போட்டாக்ஸ், ஃபில்லர், லேசர், கெமிக்கல் பீல், மைக்ரோநீடிலிங், பிஆர்பி, குளுட்டாதயோன் டிரிப். முழு மயக்கம் வேண்டாம், தையல் கிடையாது, அன்றே வீட்டுக்குப் போகலாம் என்பவை இவற்றின் பொதுக் குணங்கள். அழகு அறுவை மருத்துவர்களின் சர்வதேசச் சங்கமான ஐசாப்ஸின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் போட்டாக்ஸ் வகை ஊசி மட்டும் 88 லட்சம் முறைக்கு மேல் போடப்பட்டது. அறுவை இல்லாத சிகிச்சைகளின் எண்ணிக்கை அறுவைச் சிகிச்சைகளைத் தாண்டிவிட்டது. லைப்போசக்‌ஷனை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அதை முழு மயக்கமில்லாமல், நீர்த்த மரப்பு மருந்தைக் கொழுப்பில் நிறைய ஏற்றிச் செய்யும் முறையை 1987இல் எழுதி வெளியிட்டவர் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். அழகுத் தோல் மருத்துவத்தின் எல்லைக்கோடு அங்கேதான் ஓடுகிறது. கழக்கூட்டத்து வழக்கும் அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது.

மூன்று கேள்விகளை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். சொல்கிற பலன் நம்முடைய மாநிறத் தோலில் கிடைக்கும் என்பதற்குச் சான்று உண்டா? பிசகினால் திருத்த முடியுமா, அல்லது தானாகத் தீருமா? மிக மோசமானது நடந்தால் அந்த அறையிலேயே அதைக் கையாள ஆளும் மருந்தும் இருக்கின்றனவா? விலையைச் சேர்க்கவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

போட்டாக்ஸ்: தேறியது, ஆனால் புட்டியைப் பார்க்க வேண்டும்

போட்யூலினம் நச்சின் கதை அழகு நிலையத்தில் தொடங்கவில்லை. மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்கும் மருந்தாக 1989இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி தந்தது. கண்ணிமைக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவ நடுச்சுருக்கம் மறைவதைக் கவனித்தவர்கள் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த காரதர்ஸ் தம்பதி. மனைவி கண் மருத்துவர், கணவர் தோல் மருத்துவர். அந்தச் சுருக்கத்துக்கான அனுமதி 2002இல் வந்தது. நரம்பு முனையிலிருந்து அசிடைல்கோலின் வெளிவருவதைத் தடுப்பதால் தசை சுருங்குவதில்லை; அதனால் மேலே தோலில் மடிப்பு விழுவதில்லை. மூன்று, நான்கு மாதத்தில் தசை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மூன்று அளவுகோலிலும் இது நன்றாகவே நிற்கிறது. வேலை செய்வது தசையில் என்பதால் தோலின் நிறம் குறுக்கே வருவதில்லை. தவறான இடத்தில் இறங்கினால் இமை தொங்கும், புருவம் கோணும். ஆனால் வாரக் கணக்கில் சரியாகிவிடும். பலன் நிலைக்காது என்று குறைசொல்லப்படுவதே இங்கே பாதுகாப்பாகவும் அமைகிறது. புருவ நடுவுக்கு வழக்கமான அளவு ஐந்து புள்ளிகளில் 20 யூனிட். கழுத்துத் தசை நோய்க்கும் பக்கவாத இறுக்கத்துக்கும் கொடுப்பது இதைப் போலப் பல மடங்கு.

பிசகு மருந்தின் குணத்தில் இல்லை, மருந்து வந்து சேரும் வழியில் இருக்கிறது. பொடியாக வரும் மருந்தை உப்புநீரில் கரைத்துத்தான் போட வேண்டும். எத்தனை மில்லியில் கரைத்தார்கள் என்பது நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் சமமல்ல. போலியும் புழங்குகிறது: 2024இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் போலி ஊசியாலும் முறையற்று ஊசி போட்டதாலும் ஆட்கள் நோய்ப்பட்டு, அரசே எச்சரிக்கை விட்டது. கட்டுப்பாடு இறுக்கமான நாட்டிலேயே அந்த நிலை. இங்கே ‘பாதி விலையில் போட்டாக்ஸ்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எதில் பாதி குறைந்தது என்று கேட்பதில் தவறில்லை. புட்டியைக் கண்முன்னே திறக்கச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

ஃபில்லர்: தொண்ணூறு நிமிடக் கணக்கு

ஃபில்லரைப் போட்டாக்ஸின் தங்கை போலத்தான் விற்கிறார்கள். ஆபத்தில் இரண்டும் வேறு சாதி. ஹயலூரானிக் அமில ஃபில்லர் உதட்டையும் கன்னத்தையும் நிரப்புகிறது. ஹயலூரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்தினால் கரைந்துவிடுகிறது. திருத்த முடியுமா என்ற இரண்டாம் கேள்விக்கு இவ்வளவு நல்ல பதில் இந்தத் துறையில் வேறெதற்கும் இல்லை. கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் போன்ற மற்ற ஃபில்லர்களுக்கு அப்படிக் கரைக்கும் மருந்து கிடையாது.

மூன்றாம் கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். புருவ நடுவிலும் மூக்குத் தண்டிலும் ஓடும் தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்தவை. ஊசி ரத்தக்குழாய்க்குள் இறங்கி ஃபில்லர் அழுத்தத்தோடு பின்னோக்கிப் போனால் விழித்திரைக்கு ரத்தம் நின்றுவிடும். பெலஸ்னேயும் சக மருத்துவர்களும் 2015இல் உலக மருத்துவ ஏடுகளிலிருந்து இப்படிப் பார்வை பாதிக்கப்பட்ட 98 பேரின் விவரத்தைத் தொகுத்தார்கள். 2019இல் இன்னும் 48 பேரைச் சேர்த்தார்கள். போடப்படும் ஊசிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது மிக அரிது. ஆனால் வந்துவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. ரத்தமில்லாமல் விழித்திரை தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 90 நிமிடம் என்கிறார்கள்.

அந்த 90 நிமிடத்தைத் திருவனந்தபுரத்தின் வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். கழக்கூட்டத்திலிருந்து நகர மையத்தில் இருக்கும் அரசு வட்டாரக் கண் மருத்துவ நிலையத்துக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மாலையில் டெக்னோபார்க் ஐடி வளாகம் விடும் நேரத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். இதில் ‘சற்று நேரம் பார்க்கலாம்’ என்று கிளினிக்கில் போன நிமிடங்களையும் கழிக்க வேண்டும். தோல் வெளுப்பதையும் தாங்க முடியாத வலியையும் உடனே அடையாளம் காணத் தெரிந்த ஆள், கைக்கெட்டும் தூரத்தில் போதுமான ஹயலூரோனிடேஸ், முன்கூட்டியே பேசிவைத்த கண் மருத்துவர்: இவை மூன்றும் உள்ள இடத்தில் உதட்டுக்கும் கன்னத்துக்கும் ஃபில்லர் தேறும். இல்லாத இடத்தில் தேறாது. ‘அறுவையில்லாமல் மூக்கு நேராக்குதல்’ என்று கல்யாணப் பேக்கேஜில் சேர்த்து விற்பதை என் கணக்கில் எந்த இடத்திலும் தேற்ற முடியாது. கிடைப்பது சில மாத வடிவம், பணயம் வைப்பது ஒரு கண்.

லேசர்: யாருடைய தோலுக்கு எழுதிய பாடம்?

1983இல் ஆண்டர்சனும் பாரிஷும் வகுத்த கோட்பாட்டில்தான் இன்றைய தோல் லேசர்கள் நிற்கின்றன. குறிப்பிட்ட அலைநீள ஒளியை மிகக் குறுகிய நேரம் பாய்ச்சினால், அதை உறிஞ்சும் பொருள் மட்டும் சூடாகி அழியும், சுற்றியுள்ள திசு தப்பும். முடி நீக்கத்தில் இலக்கு முடிவேரில் உள்ள மெலனின். சிக்கல் எளிது: மேல்தோலிலும் அதே மெலனின்தான் இருக்கிறது. வெள்ளைத் தோலில் இலக்கு தனித்துத் தெரியும். மாநிறத் தோலில் வழியிலேயே ஒளி உறிஞ்சப்பட்டு மேல்தோல் வெந்துபோகலாம்.

தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் 1975இல் வெள்ளைத் தோலுக்கு வெயில் எப்படி ஒத்துக்கொள்ளும் என்று கணக்கிடப் பிறந்தது. நம்மைப் போன்றவர்களின் நிறங்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை. தென்னிந்தியர் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகை. எனவே வெளிநாட்டு இயந்திரத்தின் கையேட்டில் உள்ள எண்ணை அப்படியே போடுவது நமக்குச் சரிவராது. நீண்ட அலைநீளமான 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மெலனின் குறைவாக உறிஞ்சுவதால் கருத்த தோலுக்கு அதுவே பத்திரமானது. பலன் சற்று மெதுவாக வரும். இப்படித் தோலுக்கேற்ற கருவி, கவனமான அளவு, வாரக்கணக்கான இடைவெளியில் ஆறு எட்டு அமர்வுகள் என்று போனால் முடிநீக்க லேசர் தேறுகிறது.

தாடையில் முடி வளர்ந்து, தினமும் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது ஆடம்பரம் இல்லை. ஆனால் பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் காரணம் இருந்தால் அதைக் கவனிக்காமல் லேசர் மட்டும் அடிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். அனுமதி தரப்பட்டிருப்பதும் ‘நிரந்தரக் குறைப்பு’ என்ற அளவுக்கே. அடியோடு போய்விடும் என்று எந்த அமைப்பும் சொல்லவில்லை. நரைத்த முடியில் மெலனின் இல்லாததால் அதில் வேலையே செய்யாது. சிலருக்கு, குறிப்பாக ஹார்மோன் கோளாறு உள்ள கருத்த தோலினருக்கு, லேசர் பட்ட இடத்தின் ஓரத்தில் புதிதாக முடி முளைப்பதும் பதிவாகியிருக்கிறது. விளம்பரங்களில் இதில் ஒன்றுகூட இருக்காது.

மங்குக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. கன்னத்தில் படரும் அந்தப் பழுப்புக்குக் காரணங்கள் வெயில், ஹார்மோன், பரம்பரை. லேசர் டோனிங் என்ற பெயரில் குறைந்த ஆற்றலில் திரும்பத் திரும்ப அடித்தால் சில வாரம் தெளிகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. அளவு மீறினால் புள்ளிப் புள்ளியாக வெள்ளைத் திட்டு விழுகிறது. அதைக் கருப்பாக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கடினம். திருவனந்தபுரம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை டிகிரியில். புற ஊதாக் கதிரின் அளவைக் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்டு மக்களை எச்சரிக்கும் நிலை. இங்கே மங்குக்கு முதல் மருந்து சன்ஸ்கிரீன், அடுத்தது மருத்துவர் மேற்பார்வையில் பூசும் களிம்பு. லேசர் எல்லாம் தோற்றபின் யோசிக்க வேண்டியது. முதல் நாளே ஆறு அமர்வுப் பேக்கேஜ் எழுதித் தரும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

நாள்காட்டியையும் சொல்ல வேண்டும். மாநிறத் தோலில் பீல், லேசர் எதனாலும் அழற்சி வந்தால் அது கருமையாக மாறிச் சில மாதம் தங்கும். சிங்ஙம் பிறந்ததும், நம் கணக்கில் ஆவணியில், முகூர்த்தம் வைத்துக்கொண்டு ஆடிக் கடைசியில் ஆழமான பீலுக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்பும் மருத்துவரே நல்ல மருத்துவர்.

தழும்பு: மலிவானது ஜெயிக்கும் இடம்

இந்தத் துறைக்குள் மருத்துவம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள பகுதி பருத்தழும்புச் சிகிச்சை. பதின்வயதில் வந்த பரு குழிகுழியாக முகத்தில் தங்கி, நேர்காணலிலும் பெண் பார்க்கும் வீட்டிலும் தலைகுனிய வைப்பதை வீண் ஆசை என்று சொல்ல மனம் வராது. இங்கே சான்று உண்டு, நம் தோலில் செய்து பார்த்த அனுபவமும் இந்தியத் தோல் மருத்துவர்களிடம் ஏராளம்.

ஒரு விசித்திரம். நல்ல பலன் தரும் சில முறைகள் மிக மலிவானவை. குழியின் அடியில் தோலை இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடும் சப்சிஷனை ஓரென்ட்ரைக் தந்தையும் மகனும் 1995இல் விவரித்தார்கள். தேவை ஒரு சரியான ஊசியும் பழகிய கையும். ஆழமான ஊசிக்குழிக்குள் கூர்ந்த குச்சியால் அடர்ந்த டிசிஏ அமிலத்தைத் தொட்டு வைக்கும் முறை 2002இல் கொரியாவிலிருந்து வந்தது. அதற்கும் லட்ச ரூபாய் இயந்திரம் வேண்டாம். எந்தத் தழும்புக்கு எது என்று பார்த்துப் பிரிக்கும் கண்தான் வேண்டும். விளம்பரப் பலகைகளில் இவற்றின் பெயர் பெரிதாக வருவதில்லை. வருவது ரேடியோ அலை மைக்ரோநீடிலிங் இயந்திரத்தின் படம். அந்த இயந்திரங்களால் தீக்காயம், தழும்பு, கொழுப்புக் கரைவு, நரம்புச் சேதம் ஏற்பட்டதாகப் புகார்கள் வந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 அக்டோபரில் எச்சரிக்கையாகவே வெளியிட்டது. இயந்திரம் வேண்டவே வேண்டாம் என்பதில்லை, அதற்கும் இடமுண்டு. ஆனால் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய கருவி, தழும்பைப் பார்ப்பதற்கு முன்பே சிகிச்சையைத் தீர்மானித்துவிடக் கூடாது. விலையை அளவுகோலாக வைக்காததன் காரணம் இதுதான்: இங்கே விலைக்கும் பலனுக்கும் உறவு மிகக் குறைவு.

வெளுப்பு டிரிப்: தோற்றது

2025 மார்ச்சில் கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன், தன் தோலின் கருமையை வைத்துத் தன் பணியை எடைபோட்ட ஒரு பேச்சைப் பற்றி முகநூலில் எழுதினார். கணவர் வி. வேணு அதே பதவியில் இவருக்கு முன் இருந்தவர். ஒப்பீடு அங்கிருந்து வந்தது. மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரிக்கே திருவனந்தபுரத்தில் இது நேர்கிறது என்றால், வேலை தேடும் பெண் வெளுப்பு ஊசிக்கு ஏன் போகிறாள் என்று கேட்பவர் முதலில் தன்னைச் சுற்றிப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நம் வீட்டுக் கல்யாணப் பேச்சு இதைவிட மேலானதாக இருப்பதாக நாம் பெருமைப்பட முடியாது.

ஆசையின் காரணம் புரிவதால் விற்கப்படும் சரக்கு நல்லதாகிவிடாது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த மெம்பிரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் உள்ள 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். பாதரசத்தின் வேலை என்பது அவர்களின் முடிவு. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் சோதனை நடத்தி, அனுமதித்த அளவைப் போல 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்த அழகுப் பொருள்களைப் பிடித்ததாக அமைச்சர் வீணா ஜார்ஜ் 2025 ஜனவரியில் அறிவித்தார்.

கிரீமுக்குப் பயந்தவர்களைக் குறிவைத்து வருகிறது குளுட்டாதயோன் டிரிப். நம் உடலே தயாரிக்கும் பொருள். அதனால் பத்திரம் என்பது வாதம். நரம்பில் ஏற்றிய குளுட்டாதயோன் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது. 2016இல் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு சிறு ஆய்வில் சிலருக்கே நிறம் மாறியது, அதுவும் நிலைக்கவில்லை. கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே இந்த ஊசிக்கு எதிராக எச்சரித்தது. முதல் கேள்விக்குப் பதில் இல்லை, இரண்டாவதற்கு நம்பிக்கை இல்லை, மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை. இது மூன்றிலும் தோற்றது. கருமை நோயுமல்ல என்பதால், தோல்வியைச் சகித்துக்கொள்ளக்கூட ஒரு காரணம் கிடையாது.

நம் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்து ஊசியாகப் போடும் பிஆர்பியைப் பாதி தேற்றலாம். ஆண்வகை வழுக்கையின் தொடக்கத்தில் ஓரளவு பலன் காட்டும் ஆய்வுகள் உண்டு. ரத்தத்தைச் சுழற்றும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் பலனும் மாறுகிறது. முகப்பொலிவுக்கு என்று போடும் ‘வாம்பயர் ஃபேஷியலுக்கு’ அந்த அளவு சான்றும் இல்லை. அமெரிக்காவின் அல்புகர்க்கியில் உரிமமில்லாத ஒரு நிலையத்தில் இதைச் செய்துகொண்டவர்களுக்கு எச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024இல் பதிவு செய்தது. எக்ஸோசோம் என்று புதிதாக விற்பதைப் பற்றி இப்போது ஒன்று சொன்னால் போதும்: அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வகைப் பொருள் எதற்கும் இதுவரை அனுமதி தரவில்லை.

ஊசியைப் பிடிக்கும் கை

சிகிச்சைகளை எடைபோட்டாயிற்று, செய்பவர்களை எடைபோடாமல் தீர்ப்பு முழுமையாகாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 செப்டம்பரில் தந்த வழிகாட்டுதல், அழகுச் சிகிச்சையும் முடி நடுதலும் முறையான பயிற்சி பெற்றவர்களுக்கே உரியவை, பட்டறையிலும் யூடியூபிலும் பார்த்தது பயிற்சி ஆகாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் பல் மருத்துவக் கவுன்சில், முகத்தாடை அறுவைப் பட்டம் பெற்றவர்களும் இவற்றைச் செய்யலாம் என்றது. தோல் மருத்துவர்கள் இதை எதிர்க்கிறார்கள்.

இந்தச் சண்டையில் வருமானப் போட்டி இருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம். எம்டி பட்டம் மட்டும் கையைப் பழக்கிவிடாது. ஃபில்லர் விபத்துகள் பட்டம் பெற்றவர்களிடமும் நடந்திருக்கின்றன. ஆனாலும் தோல் மருத்துவர்களின் வாதத்தில் ஒரு பகுதி அசைக்க முடியாதது. மச்சம் என்று வருவது புற்றாக இருக்கலாம். லேசரால் பொசுக்கிவிட்டால் பரிசோதிக்கத் திசுவே மிஞ்சாது. மங்கு என்று வருவது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். சிகிச்சை தெரிந்தவர் பலர். எதற்குச் சிகிச்சை என்று தெரிந்தவர் சிலர். முதல் சந்திப்பில் தோல் மருத்துவர் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இதுவே போதும். சில வாரச் சான்றிதழோடு ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று பலகை மாட்டுபவர்களுக்கு இந்த வாதத்தில் இடமே இல்லை.

சட்டத்தின் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கேரளத்தில் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் உண்டு: பதிவு கட்டாயம், கட்டணத்தைப் பொதுப்பார்வையில் வைக்க வேண்டும். ஆனால் ஒரு பலகையின் கீழ் பீலும் நடக்கிறது, கொழுப்பு உறிஞ்சுவதும் நடக்கிறது என்றால், இரண்டுக்கும் தேவையான அவசர வசதி ஒன்றல்ல. கழக்கூட்டத்தில் அனுமதித்த வரம்பை மீறியது கண்டறியப்பட்டது விரல்கள் போனபிறகு. நிறுவனத்துக்கு ஒரு பதிவு என்பதோடு, சிகிச்சைக்கு ஒரு பதிவும் வேண்டும்: எதைச் செய்கிறீர்கள், அது பிசகினால் அறையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதி வாசலில் மாட்ட வேண்டும்.

பிசகுகள் பதிவாகவும் வேண்டும். ஃபில்லரும் லேசரும் மருத்துவச் சாதனங்கள். சாதனங்களால் வரும் தீங்குகளைப் பதிவு செய்ய இந்தியா 2015இல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் தேசிய ஒத்துழைப்பு மையமாக இருந்தது இதே நகரத்தின் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனம். வழி தெரிந்த ஊர் இது. ஆனால் அழகுச் சிகிச்சையில் வெந்துபோனவர் புகார் எழுதுவதில்லை, வெட்கப்படுகிறார். ‘யார் போகச் சொன்னது?’ என்ற கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். முதலில் சொன்ன அந்தக் கண்டிப்புக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் செய்யும் கேலிதான் மோசமான கிளினிக்குகளுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு.

தீர்ப்பு இதுதான். பயிற்சி பெற்ற கையில் போட்டாக்ஸ், தோலுக்கேற்ற முடிநீக்க லேசர், தழும்புக்கு சப்சிஷன், டிசிஏ, சாதாரண மைக்ரோநீடிலிங், மேலோட்டமான பீல் ஆகியவை தேறின. கரையக்கூடிய ஃபில்லர், மருந்தும் ஆளும் தயாராக உள்ள இடத்தில் மட்டும், மூக்கையும் புருவ நடுவையும் விலக்கிவிட்டு, தேறுகிறது. மங்குக்கு லேசரும் முடிக்குப் பிஆர்பியும் நிபந்தனையோடு நிறுத்திவைக்கப்படுகின்றன. வெளுப்பு டிரிப், எக்ஸோசோம், பார்லர்களில் போடும் எந்த ஊசியும் தேறவில்லை. அறுவை அரங்கும் தீவிர சிகிச்சைக்கு உடனடி வழியும் இல்லாத இடத்தில் லைப்போசக்‌ஷனும் தேறவில்லை.

ஆக, சிகிச்சைகளில் பாதிக்கு மேல் நல்ல மருத்துவம். அதை விற்கும் வணிகம் இன்னும் அந்தத் தரத்துக்கு வரவில்லை. ஆபத்தின் அளவைத் துளையின் அளவு சொல்வதில்லை. துளைக்குப் பின்னால் நிற்கும் ஏற்பாடு சொல்கிறது. ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து, ‘இது பிசகினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். மருந்தின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் தயங்காமல் வந்தால் மேலே பேசலாம். ‘அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று பதில் வந்தால், அந்த இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தேறவில்லை.